ஊர்க்காவலும் களத்துச் சுதந்திரமும்

சென்ற மாதம் எங்கள் விடுதியில் ஒரு மிதிவண்டி களவு போயிற்று. மறுநாள் காலை நண்பர்கள் கூடிப் பேசியபோது, கோபம் திருடன்மேல் போகவில்லை. இரவுக் காவலர்மேல் போயிற்று. “அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும்” என்றார் ஒருவர். பலர் தலையசைத்தனர். எனக்கோ அந்தப் பேச்சு புதிதாகத் தோன்றவில்லை. காவல் காப்பவனே களவு போன பொருளுக்கு ஈடு கட்ட வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் வழக்கில் இருந்த ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பாதியும் உண்டு. அந்தப் பாதியை நாடு மறந்ததால் விளைந்த துன்பம் சிறிதன்று.

பழைய சிற்றூரில் களவாட என்ன இருந்தது? வங்கி இல்லை, நோட்டுக்கட்டு இல்லை. மாடு இருந்தது, நெல் இருந்தது. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் நம் பழந்தமிழில் உண்டன்றோ! நெல்லை வீட்டுக்குள் குதிரிலோ பத்தாயத்திலோ இட்டுப் பூட்டலாம். இந்தக் கன்னட நாட்டுச் சிற்றூர்களில் கேழ்வரகை நிலத்தடிக் குழியில் கொட்டி மூடி ஆண்டுக்கணக்கில் காத்தனர். மாட்டை அப்படி மூடி வைக்க முடியுமா? அது மேய வேண்டும். மேய்ச்சல் நிலமோ ஊருக்கு வெளியே. எனவே பழங்காலச் சண்டைகளில் பெரும்பகுதி மாட்டைக் கவர்வதும் மீட்பதுமாகவே இருந்தது. வெட்சி, கரந்தை என்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் திணைகள் அதைத்தான் கூறுகின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல் ஒன்றிலும் ஆநிரை கவர்ந்த செய்தி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த நடுகல் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரைச் சேர்ந்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட ஒருவனுக்காக நட்டது. அவனோடு நின்று கள்ளரைக் கடித்த நாயும் அக்கல்லில் இடம்பெற்றிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! அந்த ஊரார் காவலை எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. நாம் பேருந்தில் நாள்தோறும் கடந்து செல்லும் ஹெப்பாளிலேயே, படையெடுத்து வந்தவரை எதிர்த்து மாண்ட கிட்டய்யா என்பவனுக்கு ஏறத்தாழ கி.பி. 750-இல் நட்ட வீரக்கல் 2018-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பெங்களூரு அன்று ஊர்களின் கூட்டம். ஒவ்வொரு ஊருக்கும் சாகத் துணிந்தவர் சிலர் இருந்தனர்.

வீரம் ஒரு நாளைக்கு உதவும். அன்றாடக் காவலுக்குக் கூலி வேண்டும். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றொரு வரி அடிக்கடி வருகிறது. பாடியைக் காப்பதற்காக ஊரார் கொடுத்தது அது. பிற்காலத்தில் இதுவே ஊர்க்காவல் உரிமையாக உருப்பெற்றது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் கள்ளரும் மறவரும், வேறு இடங்களில் அம்பலக்காரர் முதலிய பிறரும் இவ்வுரிமையைப் பரம்பரையாகப் பெற்றிருந்தனர். ஒரு ஊரைக் காப்பது தலக்காவல். பல ஊர்களைச் சேர்த்துப் பாளையக்காரர் காப்பது தேசக்காவல்.

இனி அதன் நடைமுறையைப் பார்ப்போம். அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்ததும், வீட்டுக்கு ஒரு மணி போகுமுன் கொல்லருக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் வெட்டியானுக்கும் காவல்காரருக்கும் அவரவர் பங்கை அளந்து கொடுப்பார்கள். இந்தப் பங்குக்குப் பெயர் ‘சுதந்திரம்’. களத்துச் சுதந்திரம் என்பர். விடுதலை என்ற பொருளில் நாம் மேடையில் முழங்கும் சொல், அன்று களத்தில் அளந்து பெற்ற நெல்லின் பெயர்! அது பிச்சையன்று, உரிமை. அதற்கு ஈடாகக் காவல்காரர் இரவில் ஊரைச் சுற்றுவார். பயிரையும் களத்தையும் காப்பார். நெற்குவியலின்மேல் சாணிப்பால் தெளித்துக் குறி வைப்பதும் உண்டு. யாரேனும் கை வைத்தால் குறி கலைந்து காட்டிக் கொடுக்கும். மாடு காணாமற் போனால் காவல்காரர் தடம் பார்த்துத் தேடி மீட்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். நண்பர்கள் விடுதியில் சொன்ன பாதி இது. களத்துச் சுதந்திரம் அவர்கள் சொல்லாத பாதி.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று புகழ நான் முன்வரவில்லை. இதில் இருந்த ஓட்டை பெரிது. காப்பவரே களவாடத் தொடங்கினால் என் செய்வது? ‘துப்புக்கூலி’ என்று ஒன்று இருந்தது. களவு போன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்வதற்கு, மாட்டின் விலையில் ஒரு பகுதியைக் கூலியாகப் பெறுவது அது. மாட்டை ஓட்டியவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் உறவு இருந்த கதைகள் பல. காவல்கூலி தர மறுத்த ஊரில் களவு மிகுந்ததும் உண்மை. பாதுகாப்பு என்பது சில இடங்களில் மிரட்டலுக்கு மறுபெயராயிற்று. மேலும், காவல் என்றால் யாருக்குக் காவல்? ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி அடங்கவில்லை. விளைச்சலுக்கு உழைத்தவரின் குடிசை அந்தக் காவல் வட்டத்துக்கு வெளியே கிடந்தது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டதை நினைத்தால், அந்த வட்டம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினியார் தேசக்காவல் உரிமையைப் பறித்தனர். 1859-இல் சென்னை மாகாணப் போலீசுச் சட்டம் வந்தது. சட்டப்படி காவல் இனி அரசின் வேலை. ஆனால் போலீசு நிலையம் எங்கோ தொலைவில். மாடு கட்டியிருப்பதோ இங்கே. எனவே பழைய காவல் பல ஊர்களில் தொடர்ந்தது. ஊராருக்கும் அதன்மேல் கசப்பு வளர்ந்தது. 1896-ஐ ஒட்டி மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில் காவல் எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. ஊரார் பணம் சேர்த்து ஒரு ‘பண்டு’ வைத்தனர். மாட்டை இழந்தவருக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தனர். இன்றைய காப்பீட்டு நிறுவனம் செய்வதை அவர்கள் தாமே செய்துகொண்டனர் எனலாம். ஆயினும் அந்த இயக்கம் பல இடங்களில் காவல்காரர் குடும்பங்களை அடித்துத் துரத்துவதிலும் முடிந்தது.

ஊராரே முறைவைத்துக் காவல் காக்க முடியாதா? முடியும் என்பதற்குச் சாவகத் தீவைக் காட்டலாம். இந்தோனேசியாவின் அத்தீவுச் சிற்றூர்களில் இரவுக் காவலுக்கு ‘ரொண்டா’ என்று பெயர். வீட்டுக்கு ஒருவர் முறைப்படி வந்து சிறு காவற்கொட்டகையில் விழித்திருப்பர். அங்கே குடைந்த மரத்தாலோ மூங்கிலாலோ ஆன ‘கெந்தோங்கான்’ என்ற கருவி தொங்கும். களவுக்கு ஒரு விதம், தீக்கு ஒரு விதம், சாவுக்கு ஒரு விதம் என அதைத் தட்டும் முறையே செய்தி சொல்லும். பல ஊர்களில் வீட்டு வாசலில் ஒரு சிறு குவளையில் ஒரு பிடி அரிசி வைத்திருப்பர். சுற்றி வரும் காவலர் அதைச் சேர்த்து ஊர்ப் பொதுச் செலவுக்கு வைப்பர். ‘ஜிம்பித்தான்’ என்பது அதன் பெயர். காவலுக்கு வராதவர் தண்டம் கட்டுவதும் உண்டு. அரிசி வைக்காத வீடு எது என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அங்கும் குறைகள் இருக்கும். ஆனால் காவல் அங்கே ஒரு சாதியின் தொழிலன்று. இன்று காப்பவர் நாளை காக்கப்படுபவர்.

நம் நாட்டில் ஆட்சியாளர் வேறு வழியில் சென்றனர். களத்துப் பங்கை இழந்தவருக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்று கேட்கவில்லை. பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தினர். 1871-இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பகுதிப் பிறமலைக் கள்ளரும், வேறு பல சமூகத்தாரும் அதில் சிக்கினர். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் போலீசார் குறித்த இடத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மக்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். இரவில் ஊரைச் சுற்றிக் காத்தவரின் பேரனுக்கு இரவில் வீட்டில் உறங்கவும் உரிமையில்லை.

உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-இல் போலீசார் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை அம்மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்புடன் அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் பல ஆண்டுகள் போராடினர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-இலும் அச்சட்டம் நீங்கியது. ஆனால் பெயர் அவ்வளவு எளிதில் நீங்குமா? ‘சீர்மரபினர்’ என்று சான்றிதழில் எழுதியிருப்பதைக் கண்டு, அது என்ன என்று நம் வகுப்புத் தோழர்களே கேட்பதுண்டு. சட்டம் போன பின்னும் தங்கிய நிழல் அது.

விடுதிக் காவலருக்கு வருவோம். அவருக்குக் களத்தில் பங்கு கிடையாது. பன்னிரண்டு மணி நேர வேலை; ஒப்பந்தக்காரர் வழியாக வரும் சம்பளம்; மூன்று வாயில்களுக்கு அவர் ஒருவரே. காணாமற்போன மிதிவண்டிக்குப் பூட்டே இல்லை என்பதை அதன் சொந்தக்காரர் பிறகு ஒப்புக்கொண்டார். சம்பளத்தில் பிடித்தம் கூடாது என்று எங்களுள் பதினொருவர் கையெழுத்திட்டு விடுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இரண்டாம் மாடியில் இன்னும் ஆறு பேரிடம் கேட்க வேண்டும்.