பவளத்துக்கு யார் கொடுத்த நிறம்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி சாலைக் கம்போளத்துக்குள் நுழைந்தால் நகைக்கடைக்குப் பஞ்சமில்லை. செவ்வாய் தோஷத்துக்குப் பவள மோதிரம் தேடி வருபவர்களுக்கும் குறைவில்லை. "அசல்தானே, சாயமில்லையே?" என்று கேட்காதவர் அபூர்வம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெளிறிய மூங்கில் பவளத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி விற்பது உலகெங்கும் நடக்கிறது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்தால், மட்டமான சாயம் பஞ்சில் ரோஸாக ஒட்டிக்கொள்ளும்.

அசல் செம்பவளம் மத்தியதரைக் கடலின் இருட்டு இடுக்குகளில் வளர்வது. கிளையின் தடிமன் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடக் கூடுவதில்லை. உயிரோடு பார்த்தால் வேடிக்கை: எட்டுக் கைகளை விரித்திருக்கும் உயிரி வெள்ளை, எலும்புதான் சிவப்பு. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்து நிறமி அந்தச் சுண்ணாம்போடு கலந்தே உறைந்திருக்கிறது. உயிர் போனாலும் சிவப்பு போகாது.

நம் மன்னார் வளைகுடாவில் கதை தலைகீழ். ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரையிலான தீவுகளைச் சுற்றி மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பவளப்பாறைகளுக்கு எலும்பு வெள்ளை, நிறமெல்லாம் சதையில். அதிலும் பெரும்பகுதி இரவல். விரல்நகத்தளவு இடத்தில் லட்சக்கணக்கான நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் சமைத்து, வீட்டுக்காரருக்குத் தேவையான உணவில் பெரும்பங்கையும் தருகின்றன. பாறையின் தவிட்டு நிறம் அவை போட்ட வண்ணம். பச்சையும் ஊதாவும் மட்டும் பவள உயிரியே தயாரிக்கும் புரதங்கள்.

கோடையில் கடல் வழக்கமான உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரம் நின்றால் போதும். சூட்டில் பாசியின் சமையல் கெட்டு நஞ்சு சுரக்கிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணாடிச் சதை வழியே எலும்பு தெரிகிறது. லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 என இது திரும்பத் திரும்ப நடந்துவிட்டது. வெளுத்தது தேறும் என்பவர்கள் உண்டு, தேறவும் செய்கிறது. அடுத்த சூடு அதுவரை பொறுத்திருக்க வேண்டுமே!

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. பாசியை இழந்த சில பவளங்கள் வெளுப்பதற்குப் பதில் நியான் விளக்குபோல நீலமாகவும் ரோஸாகவும் ஜொலிக்கும். மறைக்கப் பாசி இல்லாததால் வெள்ளை எலும்பில் பட்டுச் சிதறும் வெளிச்சம் உள்ளே பெருகுகிறது; அதைத் தடுக்க உயிரி நிறப் புரதத்தை அள்ளிப் பூசிக்கொள்கிறது. பாசி திரும்பி வர அந்த நிழல் உதவுகிறது. முக்குளிக்கப் போகிறவர்கள் ஆசையாகப் படமெடுத்து வரும் 'அழகான பவளம்' சில சமயம் பட்டினியில் கிடக்கும் பவளம்.

தூத்துக்குடிப் பக்கம் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டி, அழிந்த இடங்களில் நடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் இத்தகைய நடவுக்கு விரும்பி எடுக்கப்படுவது வேகமாக வளரும் கிளைப்பவளம். கடல் சூடேறினால் பாறாங்கல் போன்ற உருண்டைப் பவளத்துக்கு முன்பே வெளுப்பதும் அந்த ஜாதிதான்.