உங்களுக்குத் தெரியுமா? ஜாக்கி ஏற்றிய கார் ஏன் உருளுகிறது?

பஞ்சரானால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் நிறுத்திவிட்டால் கார் நகராது என்றே பலரும் நம்புகிறோம். பாதிதான் உண்மை. இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை. ஹேண்ட் பிரேக் பிடிப்பதோ பின்சக்கரங்களை. முன்சக்கரம் ஒன்றைத் தூக்கியதும் டிஃபரென்ஷியல் அதை அந்தரத்தில் சுழலவிடும். கியரின் பிடி போய்விடும். பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்குக்குத் தரையில் மிஞ்சுவது ஒரே சக்கரம். லாரி கிளீனர்கள் சக்கரத்துக்குக் கல் வைப்பது இதனால்தான். நாமும் பஞ்சர் சக்கரத்துக்கு எதிர் மூலையில் உள்ள சக்கரத்துக்கு, முன்னும் பின்னும் கல்லை அண்டக் கொடுக்கவேண்டும். குடும்பத்தார் இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கட்டும், மழையானாலும்தான்.

நட்டுகளை ஜாக்கி ஏற்றும் முன்பே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் கார் ஜாக்கியிலிருந்து சரியலாம். ஜாக்கிக்கான இடம், கதவுக்குக் கீழே விளிம்பில் சிறு வெட்டுகளுக்கு நடுவே இருக்கும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்தால், ஜாக்கி வழுக்கினாலும் கார் அதன்மேல்தான் உட்காரும். ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் திருகி, காரை இறக்கிய பிறகு எதிரெதிராக முறுக்குங்கள். கூம்பு முனை சக்கரத்தைப் பார்க்கவேண்டும்.

ஸ்டெப்னி ஒல்லியாக இருந்தால் பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.தான் அதன் உச்ச வேகம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.