கொலம்போவின் கடைசிக் காட்சி சிரம்பான் கோர்ட்டில் செல்லாது

பழைய போலீஸ் நாடகங்களில் எனக்கு ‘கொலம்போ’வுக்கு மிஞ்சியது இல்லை. அதிலும் 1971 செப்டம்பர் 15-ல் ஒளிபரப்பான ‘மர்டர் பை த புக்’ பகுதி. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பில்பெர்க். அப்போது அவருக்கு 24 வயது. அந்தக் கதையை வைத்து நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. கொஞ்சம் நீளும், இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

கென் பிராங்க்ளினும் ஜிம் பெரிஸும் கூட்டாகத் துப்பறியும் நாவல் எழுதிப் பேர் வாங்கியவர்கள். உண்மையில் எழுதுவதெல்லாம் ஜிம்தான். இனித் தனியாக எழுதப்போகிறேன் என்கிறார் அவர். பிழைப்பு போய்விடுமே என்று கென், ஜிம்மைத் தன்னுடைய தூரத்து விடுமுறை வீட்டுக்குக் காரில் கூட்டிப்போகிறான். அங்கிருந்தே ஜிம்மைத் தன் மனைவிக்குப் போன் போட்டு, ஆபீஸில் வேலையாக இருப்பதாகச் சொல்லவைக்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே சுடுகிறான். புருஷன் ஆபீஸில்தான் செத்தான் என்று மனைவி நம்பிவிடுகிறாள். ‘பாபநாசம்’ படத்தில் போல, யார் செய்தது என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கசங்கிய மழைக்கோட்டோடு துப்பறியும் கொலம்போவாக வரும் பீட்டர் பால்க் அவனை எப்படி மடக்குகிறார் என்பதுதான் மீதி.

கடைசியில், இந்தக் கொலைத் திட்டம் அப்படியே எழுதிய ஒரு குறிப்பு ஜிம்மின் காகிதங்களில் கிடைத்தது என்கிறார் கொலம்போ. கென்னுக்குத் தாங்கவில்லை. அது என் யோசனை, எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். கதை முடிந்தது.

இதே காட்சி நம் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் நடந்திருந்தால் அந்தப் பேச்சைச் சிரம்பான் கோர்ட்டில் வைக்க முடியாது. 2007-ல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-வது பிரிவு, விசாரணையின்போது போலீஸாரிடம் சொன்னதை ஆதாரமாக வைக்கக்கூடாது என்கிறது. விலக்கு உண்டு. போதைப்பொருள் வழக்கு போன்றவற்றில் தனிச் சட்டப்படி வாக்குமூலம் செல்லும். நீங்கள் சொன்னதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்த அளவுக்குச் சொன்னதும் செல்லும். ஆகவே ‘எதைச் சொன்னாலும் கவலை இல்லை’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைதானவுடன் ‘பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு’ என்று போலீஸ்காரர் ஒப்பிப்பதைப் படங்களில் பார்க்கிறோமே, அது 1966-ல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அவர்கள் நாட்டு விதி. நம் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். நம் நாட்டுச் சட்டம் தெரியாது. இது என்னை உண்மையிலேயே வருத்துகிறது, ஏனென்றால் இங்கே உள்ள விதிகள் நல்ல விதிகள்.

முதலில் சாட்சி வேறு, கைதி வேறு. சாட்சியாகக் கூப்பிட 111-வது பிரிவின்படி எழுத்தில் உத்தரவு வரவேண்டும். 112-வது பிரிவின்படி கேட்டதற்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உங்கள்மீதே குற்றம் திரும்பக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்கலாம். எழுதியதை, நீங்கள் பேசிய மொழியிலேயே படித்துக்காட்டி, திருத்த இடம் கொடுத்த பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். தமிழில் சொன்னால் தமிழில் படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இதன் அருமை செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் புரியும். குலை வெட்டிவிட்டு மாலையில் அரிவாளோடு லயத்துக்கு வருகிறார் ஒருவர். வழியில் ஒரு சண்டை, விலக்கப்போகிறார். ‘வேலை முடிந்து வந்தேன், கையில் அரிவாள் இருந்தது’ என்று அவர் சொன்னதில் முன்பாதி விடுபட்டு, அரிவாளோடு சண்டைக்குப் போனதாக மட்டும் தாளில் ஏறினால் என்ன ஆகும்? படித்துக்காட்டும்போது அந்த முன்பாதியைக் கேட்டு வாங்கவேண்டும். கூச்சப்பட்டுத் தலையாட்டுவதில்தான் பலர் கெடுகிறார்கள்.

கைது என்றால் 28ஏ பிரிவு. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதற்கு முன்பே, வீட்டுக்கோ நண்பருக்கோ இருக்கும் இடத்தைத் தெரிவிக்கலாம், வழக்கறிஞரோடு பேசலாம் என்றும் சொல்ல வேண்டும். கூட்டாளி தப்பிவிடுவான், தடயம் அழிந்துவிடும் என்று நம்ப நியாயம் இருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும் போலீஸார் அதை மறுக்கலாம். அரசியலமைப்பின் 5-வது விதிப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் தரும் தடுப்புக் காவலுக்கும் கணக்கு உண்டு. 14 வருடத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றமென்றால் 7, மறுபடி 7. குற்றத் தடுப்புக்கான பொக்கா, பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா ஆகிய சட்டங்களின் கணக்கு வேறு, கடுமையானது.

அந்த மாஜிஸ்திரேட் முன்னால் கைதான பையன் வாயைத் திறக்கலாம். 117-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. உடம்பில் காயமிருந்தால் காட்டவேண்டிய இடம் அதுதான். மருந்து சாப்பிடுகிறவன் என்றால் சொல்லவேண்டிய இடமும் அதுதான். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த குகனுக்கு வயது 22. தாயார் தொடுத்த வழக்கில் 2013-ல் உயர் நீதிமன்றம் போலீஸையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கியது. தீர்ப்பு வந்தது, பிள்ளை வரவில்லை.

காசில்லையே என்று தயங்க வேண்டாம். யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், சுருக்கமாக ஒய்.பி.ஜி.கே., 2012 முதல் தடுப்புக் காவல் விசாரணைக்கே இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. வீட்டில் இருப்பவர்கள் விசாரணை அதிகாரியின் பெயர், எந்த நிலையம், எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டு எழுதிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே கோர்ட் வாசலுக்குப் போய்விட வேண்டும்.

லின்சம், சுவா பெத்தோங், லாபு பக்கம் இருக்கிறவர்களுக்கும், தோட்டத்தை விட்டுச் செனாவாங் பக்கம் குடியேறியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கோயில் கூட்டத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ ஒரு வழக்கறிஞரைக் கூப்பிட்டு இதை அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். பையன்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள், அம்மாக்களையும்.