கடற்கரையும் கமராவும்



சிலாபத்துக் கடற்கரையில் வைகறைப் பொழுது எத்தகையது என்பதை அவ்வூரவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிழக்கே தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் ஞாயிறு எழும். மேற்கே கடல் மெல்லமெல்ல நிறம் மாறும். கரைவலை இழுப்போர் இரு வரிசையாக நின்று, ஒரே குரலில் அம்பா பாடியபடி கயிற்றைப் பற்றிப் பின்னடைவர். வாடிகளின் முற்றத்தில் பெண்கள் கருவாட்டைப் பரப்புவர். அந்நேரத்தில் ஓர் இளைஞன் தன் தோளில் தொங்கும் கமராவைக் கையில் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பத்திரிகைக்காரனல்லன், திரைப்படக்காரனுமல்லன், படம் பிடிப்பதில் ஆசை கொண்டவன், அவ்வளவே. அப்போது ஒருவர் வந்து, "தம்பி, இங்கே படம் எடுக்க உத்தரவு வாங்கியிருக்கிறீரா?" என்று கேட்கிறார். இளைஞன் என்ன விடை கூற வேண்டும்?

இவ்வினா அற்பமானதன்று. விடை தெரியாதவர்கள் இரு வழிகளில் தவறு செய்கின்றனர். சிலர், உரிமை இருந்தும் அஞ்சிக் கமராவை மூடிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். வேறு சிலர், உரிமை இல்லாத இடத்திலும் துணிந்து நுழைந்து நீதிமன்றம் வரை செல்கின்றனர். ஆகவே, பொது இடங்களில் படம் பிடிப்பதற்கு அனுமதி எங்கே வேண்டும், எங்கே வேண்டியதில்லை, அது எதன் பொருட்டுக் கேட்கப்படுகிறது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

1839ஆம் ஆண்டில் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, படம் பிடிப்பது பெரியதொரு முயற்சியாக இருந்தது. கனத்த பெட்டி, மூன்று கால்களையுடைய தாங்கி, கண்ணாடித் தட்டுகள், மருந்துப் புட்டிகள் ஆகிய அனைத்தையும் சுமந்து சென்று ஓரிடத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 1888இல் கொடாக் கமரா விற்பனைக்கு வந்ததும் நிலைமை மாறியது. கையில் அடங்கும் பெட்டியும் சுருளாக அமைந்த படலமும் சாதாரண மனிதரையும் படம் பிடிப்போராக ஆக்கின. இடத்தை அடைத்து நிற்கும் கமரா ஒன்று, கையோடு வந்து கையோடு போகும் கமரா மற்றொன்று என்ற வேறுபாடு அன்று தோன்றியது. இன்றுவரை பல நாட்டு விதிகள் இந்த வேறுபாட்டின்மீதே நிற்கின்றன.

சான்றாக, நமது அயல்நாடாகிய இந்தியாவில் புராதனச் சின்னங்கள் தொடர்பாக 1959ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட விதிகளை நோக்குவோம். தாங்கியின்றிக் கையில் பிடித்துப் படமெடுப்பவருக்கு அவ்விதிகள் இடமளித்தன. தாங்கி நாட்டுவோரும் முன்னேற்பாடுகளோடு திரைப்படம் பிடிப்போரும் அனுமதி பெற வேண்டும் என்றன. எனினும் நடைமுறையில், காவலர்கள் பார்வையாளரைத் தடுப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. 2018 ஜூலை மாதத்தில் இந்தியத் தொல்லியல் துறை, அஜந்தாக் குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை மண்டபம் ஆகியவை நீங்கலாகத் தன் பாதுகாப்பிலுள்ள ஏனைய சின்னங்களின் வளாகங்களில் படம் பிடிக்கலாம் என்று அறிவித்தது. அமெரிக்காவிலும், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, ஆறு பேருக்குக் குறைவான குழுவினர் கையிற் சுமக்கத்தக்க கருவிகளோடு தேசியப் பூங்காக்களில் படம் பிடிப்பதற்கு அனுமதிச்சீட்டோ கட்டணமோ வேண்டியதில்லை என்றது. பிறருக்கு இடையூறு செய்யலாகாது, இயற்கைக்குத் தீங்கு செய்யலாகாது, பொதுமக்களுக்குத் திறந்துள்ள பகுதியை விட்டு நீங்கலாகாது என்பன அதன் நிபந்தனைகள்.

இவற்றிலிருந்து தெளிவாவது யாது? இடம் தனக்கு மட்டுமே உரியதென ஒருவர் அடைத்துக்கொள்கிறாரா? பாதுகாக்க வேண்டிய ஒன்றுக்கு அவரால் கேடு விளையுமா? இவ்விரண்டுமே அனுமதி கேட்பதற்கு நியாயமான காரணங்கள். பூங்காக்கள் சிலவற்றில், மணக்கோலத்தில் வரும் தம்பதியரையும் அவர்களுடைய படப்பிடிப்புக் குழுவினரையும் கட்டணம் கேட்பதுண்டு. விளக்குகளும் குடைகளும் நாட்டிப் பொழுதெல்லாம் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொள்வோரிடம் கட்டணம் கேட்பதில் வியப்பில்லை. அதே கட்டணத்தை, அவ்வழியே நடந்து செல்லும்போது ஒரு மலரைப் படம் பிடிக்கும் மாணவனிடமும் கேட்பதே பொருந்தாதது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் அரசியலமைப்பு, 14ஆம் உறுப்புரையில், பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தையும் பிரசைகளுக்கு வழங்குகிறது. அவற்றை மட்டுப்படுத்துவதாயின், அது சட்டத்தினால் விதிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். நகர சபையோ பிரதேச சபையோ தன் ஆளுகைக்குட்பட்ட பூங்காவுக்கும் பொது இடத்துக்கும் துணைவிதிகளை ஆக்கலாம். அவை உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே வலுப்பெறும். ஆகவே ஒரு மரத்தில் அறையப்பட்ட பலகை, தானே சட்டமாகிவிடாது. அப்பலகைக்குப் பின்னால் எந்தத் துணைவிதி இருக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

கடற்கரையைப் பற்றித் தனியே ஒரு சட்டம் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும், தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் எனப் பொதுவாக வரையறுத்தது. அவ்வலயத்தின் இயற்கை அமைப்பை மாற்றத்தக்க வேலைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மணலை அகற்றுவதும் கட்டடம் எழுப்புவதும் அத்தகைய வேலைகள். கரையில் நின்று அலையைப் படம் பிடிப்பவன் ஒரு பிடி மணலையும் இடம் பெயர்ப்பதில்லை. திரைப்படத்துக்காக மேடை எழுப்புபவரின் நிலை வேறு.

சிலாபத்துக்கு வடக்கே, தொலைவில் அன்று, ஆனைவிழுந்தான் சரணாலயம் உள்ளது. பழைய குளங்கள் தொடராய் அமைந்த அந்நிலம் ஏறத்தாழ 1,397 ஹெக்டயர் பரப்புடையது; 2001இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக றம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நீர்ப்பறவைகளைப் படம் பிடிக்க விரும்புவோர் அங்கே செல்வர். இன்னும் வடக்கே சென்றால், 1938இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வில்பத்து இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவனவாயினும் விதிகள் ஒன்றல்ல. சரணாலயத்தின் எல்லைக்குள் மக்கள் வாழ்கின்றனர், பயிர் செய்கின்றனர். தேசியப் பூங்காவிலோ அனுமதிச்சீட்டின்றி நுழைதல் குற்றம். குறித்த இடங்களிலன்றி வாகனத்தைவிட்டு இறங்குவதும் தடை. எங்கும் மாறாத விதி ஒன்றுண்டு: நல்ல படத்துக்காகக் கூட்டை நெருங்கிப் பறவையைக் கலைத்தல் தகாது. தாய்ப்பறவை அகன்ற முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும்.

கோயில்களுக்கும் தொல்பொருட்களுக்கும் வருவோம். முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழாக் காலத்தில் வீதியில் நின்று தேரைப் படம் பிடிப்பது ஒன்று. மூலத்தானத்தை நோக்கிக் கமராவைத் திருப்புவது மற்றொன்று. அங்கே கோயிலாரின் சொல்லுக்குப் பணிதலே முறை. தொல்பொருட் சின்னங்களில் விழிப்பு மேலும் வேண்டும். ஹொரவப்பொத்தானையை அடுத்த கிரலாகல தூபியின்மீது ஏறி நின்று படம் எடுத்துக்கொண்ட பல்கலைக்கழக மாணவர் எண்மர், அப்படங்கள் சமூக ஊடகத்தில் பரவியதனால், 2019 ஜனவரியில் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். பெப்ரவரியில் தண்டப்பணம் விதிக்கப்பட்டு விடுதலையாயினர். அவர்களைச் சிறைவரை கொண்டு சென்றது படம் பிடித்த செயலன்று, தூபியின்மேல் ஏறிய செயல். படம் அதற்குச் சாட்சியாயிற்று. எங்கே கால் வைக்கிறோம் என்பதை எண்ணிய பின்னரே கமராவைத் திறக்க வேண்டும் என்பதற்கு இதனினும் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

பாதுகாப்பு நிலையங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கடற்படையினரின் பொறுப்பில் உள்ளது; உள்ளே செல்வதற்கே அவர்களுடைய இசைவு வேண்டும். தடைசெய்யப்பட்ட இடங்களென அறிவிக்கப்பட்டவற்றைப் படம் பிடிப்பது, 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். ட்ரோன் எனப்படும் பறக்கும் கமராவோ, கையிற் பிடித்த கமராவின் இனத்தைச் சேர்ந்ததன்று. சட்டத்தின் கண்ணில் அது விமானம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு அது கட்டுப்பட்டது. 2019 ஏப்ரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் ட்ரோன்கள் யாவும் சிலகாலம் பறக்கவிடப்படாது தடுக்கப்பட்டமை பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது நம் இளைஞனிடம் திரும்புவோம். "உத்தரவு வாங்கியிருக்கிறீரா?" என்று கேட்டவரோடு அவன் வாதாட வேண்டியதில்லை. "ஐயா, இவ்விடத்துக்குரிய விதி எதுவென்று சொல்வீர்களா? அனுமதி தருபவர் யார்?" என்று பணிவாகக் கேட்கலாம். சீருடை அணிந்த உத்தியோகத்தர் நிறுத்தச் சொன்னால், அப்போதைக்கு நிறுத்திவிட்டுப் பின்னர் விசாரிப்பதே அறிவுடைமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்து வைத்திருக்கிறது. குறித்த பூங்காவில் அல்லது கடற்கரையில் படம் பிடிப்பதற்கு எந்தத் துணைவிதியின்படி அனுமதியும் கட்டணமும் கேட்கப்படுகின்றன என்று தகவல் உத்தியோகத்தருக்கு எழுதினால், தகவல் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அவ்வாறு பெறும் விடை, அவனுக்கு மட்டுமன்றி அவனுக்குப் பின் வரும் பலருக்கும் பயன்படும்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத அனுமதி ஒன்றும் உண்டு, நேயர்களே. கரைவலை இழுக்கும் மனிதரும் கருவாடு பரப்பும் பெண்ணும் பொது இடத்தில் நிற்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் காட்சிப் பொருளாக அங்கே நிற்கவில்லை, பிழைப்புக்காக நிற்கிறார்கள். உழைப்பில் உடை நெகிழ்ந்திருக்கும் வேளையில், இன்று மீன் படவில்லையே என்று முகம் வாடியிருக்கும் வேளையில், முன்பின் அறியாதவர் ஒருவர் கமராவை நீட்டினால் மனம் என்ன பாடுபடும்? "அண்ணே, ஒரு படம் எடுக்கலாமா?" என்னும் ஒரு சொல்லுக்குக் கட்டணம் இல்லை. குழந்தைகளாயின் பெற்றோரைக் கேட்டல் வேண்டும். இயலுமாயின், எடுத்த படத்தின் பிரதியொன்றை மறுமுறை வரும்போது கொண்டுவந்து கொடுத்தல் வேண்டும்.

1900இல் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். படம் பிடிப்பதை ஆசையினால் மேற்கொண்டவர். இந்நாட்டின் கடலோரத்தையும் கிராமத்தையும் உழைப்பாளரையும் அவர் எடுத்த படங்களை இன்றும் நாம் போற்றுகிறோம். இன்று சிலாபத்துக் கரையில் கமராவோடு நிற்கும் இளைஞன் நாளை யாராவான் என்பதை யார் அறிவார்? கரையை அலை அரிக்கிறது. கரைவலையைக் கையால் இழுக்கும் காட்சியும் அருகி வருகிறது. இவற்றைப் பதிந்து வைக்கும் கண்கள் தேவை. எனவே விதி ஆக்குவோர், இடத்தை அடைப்பவரையும் வழியே செல்பவரையும் பிரித்தறிந்து, விதியைத் தெளிவாக எழுதி எல்லோரும் காண வைக்க வேண்டும். படம் பிடிப்போரும் விதியை அறிந்து, மனிதரை மதித்து நடக்க வேண்டும். அப்போது, "உத்தரவு வாங்கியிருக்கிறீரா?" என்ற கேள்விக்கு, அச்சமுமின்றி ஆணவமுமின்றி அந்த இளைஞன் விடை கூறுவான்.