சாக்கடையை அடைக்கும் கொழுப்பு எரிவாயு தரும். சீத்தா கேம்ப் அருகே பிறந்த தொழில்நுட்பம்

மும்பை: பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் ஜனதா காலனி அகற்றப்பட்டது. அங்கிருந்த சுமார் 70 ஆயிரம் பேர் டிராம்பே கரையோரம் குடியமர்த்தப்பட்டனர். தமிழர்கள் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப் இவ்வாறுதான் உருவாயிற்று. அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர்.

அதே ஆராய்ச்சி மையம், சமையற்கழிவையும் இறைச்சிக்கூடக் கழிவையும் எரிவாயுவாக்கும் 'நிசர்க்ருணா' முறையைப் பின்னர் உருவாக்கியது. மும்பைக்கு இது புதிதன்று. மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் 1897ஆம் ஆண்டிலேயே கழிவுத் தொட்டியின் வாயுவைக் கொண்டு இயந்திரம் இயக்கப்பட்டது.

கழிவுநீர்க் கசடு, காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்களால் சிதைந்து மீத்தேன் தருகிறது. இக்கசடுடன் உணவகங்களின் கழிவுக் கொழுப்பைச் சேர்த்தால் வாயு பெருகும். மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கும் அதிகமான மீத்தேன் கொழுப்பிலிருந்து கிடைக்கும் என்பது கணக்கு. கொழுப்பையும் உணவுக் கழிவையும் லாரிகளில் பெற்றுக்கொள்ளும் அமெரிக்காவின் ஓக்லாந்து நிலையம், 2012இல் தன் தேவைக்கும் அதிகமான மின்சாரத்தை உற்பத்தி செய்தது. சென்னையிலும் கொடுங்கையூர், பெருங்குடி உள்ளிட்ட நிலையங்களில் கசடு வாயுவைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கப்பட்டு வந்துள்ளது.

ஆனால், அளவு மீறினால் ஆபத்து. கொழுப்பு அமிலங்கள் நுண்ணுயிர்களின் மேல் படிந்து அவற்றின் செயலை முடக்கும், நுரை பொங்கும், வாயு உற்பத்தியே நின்றுபோகலாம். எனவே கொழுப்பைச் சூடாக்கி, நன்கு கலந்து, சிறிது சிறிதாகவே செலுத்த வேண்டும்.

வாயுவைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. குழாய்களில் உறைந்து பாதாளச் சாக்கடையை அடைப்பது இக்கொழுப்பே. அடைப்பை நீக்க மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும் சாவுகள் ஓயவில்லை. இறந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ரூ.30 லட்சமாக உயர்த்தியது. உணவக வாயிலிலேயே சிறு தொட்டி அமைத்துக் கொழுப்பைத் தடுத்துவிட்டால், அடைப்பு குறையும். மனிதரைக் குழிக்குள் இறக்கும் சாக்கும் குறையும்.

பொரித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. ஆனால், கழிவுநீரில் கலந்து அழுகும் கொழுப்பு வேறு. அதற்குச் செரிப்புக் கலன்களே பொருத்தமான இடம்.

தாராவி, காட்கோபர், வொர்லி உள்ளிட்ட 7 இடங்களில் சுமார் ரூ.17,200 கோடி செலவிலான சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். இத்தகைய நிலையங்களில் கொழுப்பைப் பெறும் வசதிக்கும் இடம் ஒதுக்குவது பெருஞ்செலவன்று. அணு மையத்துக்காக இடம்பெயர்ந்த மக்களுக்கு, அம்மையத்தின் அறிவால் விளையும் பயன் எப்போது கிட்டும் என்பதே கேள்வி.