ரெண்டு ரோடு... ஒரே தூரம்... எதுல போறது?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறீங்களா? லீவு விட்டதும் நாலு பேர் சேர்ந்து ஆர்.வி. எடுத்து ஊர் சுத்த ஆசை வரும். கிச்சன், கட்டில், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும்... சக்கரம் வெச்ச வீடு!

டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டி போகணும்னு வைங்க. ரெண்டு வழி. ரெண்டுமே சுமார் 830 கி.மீ.தான். எது பெஸ்ட்?

முதல் வழி ஐ-70. ராக்கி மலை அழகு அள்ளும். ஆனா, ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்ட 11,000 அடிக்கு மேல ஏறணும். காற்று மெலிஞ்சு இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சிட்டிருந்தா, சூடாகி பிடிக்காமப் போயிடும். கியரைக் குறைச்சு மெதுவா இறங்கணும்.

அடுத்தது, வடக்கே வயோமிங் வழியா ஐ-80. உச்சியே 8,640 அடிதான். ஈஸினு நினைச்சுடாதீங்க, அங்கே காற்றுதான் வில்லன்! உயரமான, கனம் குறைஞ்ச வண்டியைக் கவிழ்த்துடும். பலமா அடிச்சா அந்த மாதிரி வண்டிகளுக்கு ரோட்டையே மூடிடுவாங்க.

அதனால, மேப்பை மட்டும் நம்பாதீங்க. கிளம்புற அன்னிக்குக் காலையில ரோடு நிலவரம் பாருங்க. காற்று அடங்கியிருந்தா ஐ-80. காற்று பலமா இருந்து, மலையில பனி இல்லேன்னா ஐ-70. ரெண்டுமே சரியில்லையா? ஒரு நாள் தங்கிடுங்க பாஸ்... வீடுதான் கூடவே இருக்கே!