பெரிய நாய்களை ஏற்றிச் செல்லப் பழைய எஸ்டேட் கார் தேர்ந்தெடுத்தல்

எஸ்டேட் கார் என்பது செடான் காரின் கூரையைப் பின் விளிம்பு வரை நீட்டி, டிக்கியையும் பயணிகள் அறையையும் ஒரே அறையாக்கிய மகிழுந்து வகையாகும். அமெரிக்காவில் இது ஸ்டேஷன் வேகன் எனப்படுகிறது. தாழ்ந்த தளம், அகலமாகத் திறக்கும் பின்கதவு, பயணிகள் அறையோடு தடையின்றிக் கலக்கும் காற்று ஆகிய மூன்றும் இதன் சிறப்புகள். இவற்றால் ஐரோப்பிய நாடுகளில் பெரிய நாய் வளர்ப்போர் இவ்வகைக் காரை விரும்பி வாங்குகின்றனர். இந்தியாவில் எஸ்டேட் கார்கள் மிகக் குறைவாகவே விற்பனையாயின. ஆகவே கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் வாங்குபவர், எஸ்டேட் என்ற பெயரைத் தேடுவதைவிட இந்த மூன்று பண்புகளும் உள்ள பழைய காரைத் தேடுவதே பயனுள்ளது. அத்துடன், இந்தக் கடலோரத்தில் ஒரு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட அது வெள்ளத்தில் நின்றதா என்பதே முதன்மையான கேள்வி.

தேவை எழும் சூழல்

தமிழ்நாட்டின் நாட்டு இனங்களுள் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை உயரமானவை. இராசபாளையம் நாய் தோள்பட்டை வரை 65 முதல் 75 செ.மீ. உயரம் வளரும். இவற்றோடு லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற அயல் இனங்களும் வளர்க்கப்படுகின்றன. 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாயை இருசக்கர வாகனத்திலோ ஆட்டோவிலோ ஏற்றிச் செல்வது நாய்க்கும் ஓட்டுநருக்கும் ஆபத்தானது.

தொடர்வண்டியிலும் வாய்ப்பு குறைவு. முதல் வகுப்பில் இருவர் அல்லது நால்வர் அறை முழுவதையும் பதிவு செய்தவர் மட்டுமே நாயைத் தம்முடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நாயைக் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் அனுப்ப வேண்டும்.

அறுவை சிகிச்சை போன்ற உயர்நிலை மருத்துவத்துக்கு இப்பகுதி மக்கள் புதுச்சேரி குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல வேண்டியிருக்கலாம். சிதம்பரத்திலிருந்து கடலூர் சுமார் 45 கி.மீ.; அங்கிருந்து புதுச்சேரி மேலும் 20 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். சென்னைக்கு 200 கி.மீ.க்கு மேல். நோயுற்ற நாய் படுத்தபடியே இத்தொலைவைக் கடக்க இடம் வேண்டும்.

இந்தியாவில் விற்பனையான எஸ்டேட் கார்கள்

டாட்டா நிறுவனம் 1992இல் டாட்டா எஸ்டேட் என்ற டீசல் காரை வெளியிட்டது. மாருதியின் பலேனோ ஆல்டுரா 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. ஃபியட் சியனா வீக்கெண்ட், ஓப்பல் கோர்சா ஸ்விங் ஆகியவையும் ஏறத்தாழ அதே காலத்தவை. 2004இல் டாட்டா இண்டிகோ மெரினாவும், 2000களின் நடுவில் ஸ்கோடா ஆக்டேவியா காம்பியும் விற்கப்பட்டன. எதுவும் பெரிய அளவில் விற்கவில்லை. பிற்காலத்தில் வந்த வோல்வோ வி90 கிராஸ் கண்ட்ரி போன்றவை மிக விலை உயர்ந்தவை.

எனவே நடுத்தரக் குடும்பத்தின் விலைக்குள் கிடைக்கும் எஸ்டேட் கார்கள் பெரும்பாலும் 15 ஆண்டு கடந்தவை. இதில் இரு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, உதிரிபாகம்: ஓப்பல், ஃபியட் கார்கள் இப்போது இந்தியாவில் விற்கப்படுவதில்லை. இண்டிகோ மெரினாவின் எஞ்சின், சஸ்பென்ஷன் பாகங்கள் பல இண்டிகா, இண்டிகோ கார்களோடு பொதுவானவை என்பதால் அது ஓரளவு எளிது. ஆனால் பின்கதவு, பின் கண்ணாடி, பின்விளக்கு ஆகியவை மெரினாவுக்கே உரியவை. உடைந்தால் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். இரண்டாவது, பதிவுப் புதுப்பித்தல்: 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

நாயை அளத்தல்

காரைப் பார்க்கும் முன் நாயை அளக்க வேண்டும். விமானத்தில் விலங்குகளை அனுப்பும் கூண்டுக்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்துள்ள அளவுமுறை இதற்கும் உதவும்.

• நீளம்: மூக்கு நுனி முதல் வால் தொடங்கும் இடம் வரை உள்ள அளவுடன், தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும்.
• அகலம்: தோள் அகலத்தைப் போல் இருமடங்கு.
• உயரம்: நாய் நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, இவற்றில் எது உயரமோ அது.

எடுத்துக்காட்டாக, மூக்கு முதல் வால் அடி வரை 100 செ.மீ., முழங்கை உயரம் 36 செ.மீ., தோள் அகலம் 24 செ.மீ. உள்ள நாய்க்கு 118 செ.மீ. நீளமும் 48 செ.மீ. அகலமும் தேவை. கார் நிறுவனம் லிட்டர் கணக்கில் சொல்லும் டிக்கி அளவு இங்கு உதவாது. அது இருக்கை முதுகின் உயரம் வரை உள்ள கொள்ளளவையே பெரும்பாலும் குறிக்கும். நாய்க்கு வேண்டியது தளத்தின் பரப்பு. சக்கர வளைவுகளுக்கு இடையே உள்ள அகலத்தையும், பின்கதவு சாயும் இடத்தில் உள்ள உயரத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டும்.

தரையிலிருந்து டிக்கி விளிம்பு வரை உள்ள உயரமும் முக்கியம். இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள அல்லது வயதான நாய் உயரமான காரில் குதித்து ஏற முடியாது. அத்தகைய நாய்க்கு எஸ்யூவியைவிடத் தாழ்ந்த கார் ஏற்றது; இல்லையெனில் வழுக்காத சாய்வுப் பலகை வேண்டும்.

எஸ்டேட் காருக்கு மாற்று

பழைய ஏழு இருக்கைக் கார்களில் கடைசி வரிசையை மடக்கினால் எஸ்டேட் காரின் அமைப்பு ஏறக்குறைய கிடைக்கும்.

• மாருதி எர்டிகா (2012 முதல்): கடைசி வரிசை முன்னோக்கி மடங்கித் தளமாகும். சிஎன்ஜி வகையில் எரிவாயு உருளை டிக்கி இடத்தை எடுத்துக்கொள்வதால் அது பொருந்தாது.
• ரெனோ டிரைபர் (2019 முதல்): கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றி எடுத்துவிடலாம், அப்போது 625 லிட்டர் இடம் கிடைக்கும். நீளம் 4 மீட்டருக்குள் இருப்பதால் சிதம்பரத்தின் தேர்வீதிகளையும் சன்னதித் தெருக்களையும் ஒட்டிய நெரிசலில் நிறுத்த எளிது. எஞ்சின் ஒரு லிட்டர் என்பதால் முழுப் பாரத்தில் இழுவை குறைவு.
• ரெனோ லாட்ஜி (2015 முதல்): இடம் தாராளம். விற்பனை நின்றுவிட்டதால் உதிரிபாகத்தை முன்பே விசாரிக்க வேண்டும்.
• டொயோட்டா இன்னோவா (2005 முதல்): உறுதியானது. ஆனால் முதல் தலைமுறையில் கடைசி இருக்கைகள் இருபக்கமும் தூக்கி மடங்குவதால் அகலம் குறைகிறது, தளமும் உயரம்.
• மாருதி ஈகோ ஐந்து இருக்கை வகை (2010 முதல்): தட்டையான தளம், குறைந்த விலை. ஏசி உள்ள வகையை மட்டுமே கருத வேண்டும்.

நிறுவனமே கழற்றும்படி அமைக்காத இருக்கைகளை நிரந்தரமாக அகற்றி, ஆர்.சி. புத்தகத்திலுள்ள இருக்கை எண்ணிக்கைக்கு மாறாகக் காரை வைத்திருப்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது. மடங்கும் இருக்கையே பாதுகாப்பான வழி.

வெப்பமும் காற்றோட்டமும்

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்க்காததால், மூச்சிரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காற்றில் இந்த வழி சரியாக வேலை செய்யாது. உடல் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தால் வெப்பத் தாக்கு ஏற்பட்டு உயிரிழக்க நேரிடும். வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் அரை மணிக்குள்ளேயே பெருமளவு ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பது இதைத் தடுக்காது.

ஆகவே பழைய காரை ஓட்டிப் பார்க்கும்போது ஏசியை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சோதிப்பது போதாது. நண்பகலில், பின்னிருக்கைக்குப் பின்னால் தளத்தின்மீது வெப்பமானி ஒன்றை வைத்து, 20 நிமிடம் ஓட்டிய பிறகு பார்க்க வேண்டும். காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்ட நிலையிலும் பார்க்க வேண்டும். ரயில்வே கேட்டிலும் நெரிசலிலும் நிற்கும்போது குளிர்ச்சி குறையும் கார்கள் உண்டு. எர்டிகா போன்றவற்றில் கூரையில் உள்ள ஏசி துளைகள் நடு வரிசைக்குரியவை. அந்தக் காற்று டிக்கிவரை எட்டுகிறதா என்பதைக் கையால் உணர்ந்து அறியலாம்.

வெயிலுக்காகக் கறுப்புப் படலம் ஒட்டிய பழைய கார்கள் விற்பனைக்கு வருவதுண்டு. முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. கழற்றி மாட்டும் வலைத் திரையே போதுமானது.

நாய் படுக்கும் இடம் பின்கதவை ஒட்டியது என்பதால், பின்கதவு ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் சைலன்சர் புகை உள்ளே வரும். இதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையற்ற நச்சு. காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டுவதும் இதே காரணத்தால் தவறு.

வெள்ளமும் உப்புக் காற்றும்

கடலூர் மாவட்டத்தைத் தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் வெள்ளம் அடிக்கடி தாக்குகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெருமழையும் மாவட்டத்தைப் பாதித்தன. 2024இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூர் நகரப் பகுதிகளில் புகுந்தது. நீரில் நின்ற கார்கள் கழுவி மெருகிடப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். சென்னையில் நனைந்தவையும் இங்கு வரலாம். நாய் ஏற்றும் காரில் இது இருமடங்கு பாதிப்பு: ஓடும் வழியில் ஏசியும் மின்கண்ணாடியும் ஒருசேர நின்றுபோனால் ஆபத்து நாய்க்கே முதலில் வரும். ஈரத் தரைவிரிப்பில் வளரும் பூஞ்சை அதன் தோலையும் பாதிக்கலாம்.

அறியும் வழிகள்:

• சீட் பெல்ட்டை முழு நீளமும் இழுத்துப் பார்த்தால், வழக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதியில் நீர்க்கறையோ சேறோ தெரியும்.
• ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் தரைவிரிப்பின் அடியிலும் வண்டல் தங்கியிருக்கும்.
• இருக்கை நகரும் தண்டவாளம், அதன் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும்.
• முகப்பு விளக்கினுள் நீர்க்கோடு இருக்கும்.
• காருக்குள் கடும் வாசனைத் திரவியம் அடித்திருந்தால் ஐயம் கொள்ள வேண்டும்.
• காப்பீட்டு நிறுவனத்தில் பழைய இழப்பீட்டு விவரத்தைக் கேட்க வேண்டும்.

கடலூர் துறைமுகப் பகுதி, பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடற்கரை ஊர்களில் நின்ற கார்களில் உப்புக் காற்று அடித்தளத்தை அரிக்கும். காரை மேலே தூக்கி, பின் சக்கர வளைவு, சைலன்சர், பிரேக் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விபத்துப் பாதுகாப்பு

50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி ஒரு மீட்டருக்குள் நின்றால், உள்ளிருக்கும் பொருள் சராசரியாகத் தன் எடையைப் போல் பத்து மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். 30 கிலோ நாய் அப்போது 300 கிலோ பாரம் போல முன்னிருக்கையில் மோதும். இதனால் பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் இடையே உலோகத் தடுப்பு வேண்டும். அதைப் பொருத்தக் கூரைப் பிடிமானமோ, டிக்கித் தளத்தில் கட்டு வளையமோ உள்ள கார் சிறந்தது. பின்கதவைத் தாங்கும் கேஸ் ஷாக் தளர்ந்திருந்தால் கதவு நாயின்மீது விழும். அதை மாற்றச் செலவு குறைவு.

1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, தேவையற்ற வலி தரும் வகையில் விலங்கை ஏற்றிச் செல்வது குற்றம். 1978 விலங்குகள் போக்குவரத்து விதிகள் சாலைப் பயணத்திலும் நாயுடன் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று இருக்க வேண்டும் என்கின்றன. நீண்ட பயணத்தில் தடுப்பூசி அட்டையும் உடனிருப்பது நல்லது.

ஆவணங்கள்

கடலூர் பதிவு எண் டிஎன் 31 எனவும், சிதம்பரம் டிஎன் 91 எனவும் தொடங்கும். எல்லை அருகில் இருப்பதால் பிஒய் 01 எனத் தொடங்கும் புதுச்சேரிக் கார்களும் இங்கு விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் விலை குறைவாகத் தோன்றலாம். ஆனால் வேறு மாநிலப் பதிவுள்ள காரை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற்று, இங்கு வாழ்நாள் வரியும் செலுத்த வேண்டும். இந்தத் தொகையைக் கூட்டிய பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை. கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35 வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதால், அதைக் காட்டும்படி கேட்கலாம். இன்னோவா, ஈகோ போன்றவை முன்பு வாடகைக் காராக ஓடியவையா என்பதையும் பதிவு வரலாற்றில் பார்க்க வேண்டும்.

இறுதிச் சோதனை

விலை பேசும் முன் நாயையே அழைத்துச் சென்று காரில் ஏற்றிப் பார்ப்பது நலம். நாய் தானே ஏறுகிறதா, நின்று திரும்புகிறதா, கால் நீட்டிப் படுக்கிறதா என்ற மூன்றையும் கவனிக்க வேண்டும். படுக்க இடமும், படுத்த இடத்தில் குளிர்ந்த காற்றும், வெள்ளம் காணாத மின்னமைப்பும் உள்ள கார் சற்றுப் பழையதாக இருப்பினும் வாங்கத் தகுந்தது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் குறைந்த விலை அதை ஈடுசெய்யாது.